அரிசி வாளிக்குள் போன ரிப்போர்ட்

"அவன் இன்னும் முழுசாச் சொகமாகல்ல ராத்தா. அடுத்தவங்கட பொம்புளப் புள்ளட பாவம் நமக்கு என்னத்துக்கு?"

முன் மண்டபத்தில் உம்மா இப்படிச் சொன்னபோது நான் குசினியில் நின்று தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பின்னேர அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வந்திருந்தவர் எங்கள் மரைக்காயரின் மனைவி. மரைக்காயர் பள்ளிவாசலில் எங்கள் தாய்வழிக் குடிக்காகப் பேசுகிறவர். கலியாணம், பிணக்கு, மௌத்து எதுவானாலும் அவர் காதில் போடாமல் எங்கள் ஊரில் ஒன்றும் நடக்காது. அவருடைய மனைவி எனக்கு ஒரு பெண்ணைப் பேசி வந்திருந்தார். கல்முனைக்குடியில் வீடு, நல்ல குடும்பம், பெண் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள் என்று அவர் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டது. அதற்கு உம்மா சொன்ன மறுமொழிதான் மேலே இருப்பது.

என் சட்டைப்பையில் அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் தந்த ரிப்போர்ட் நாலாக மடித்துக் கிடந்தது. பதினான்கு மாதமாக ஒவ்வொரு மாதமும் சிறுநீர் சோதித்ததில் போதைப்பொருள் எதுவும் இல்லை என்று டொக்டர் கையொப்பம் வைத்த கடிதம். உம்மாவுக்கு முதலில் காட்ட வேண்டும் என்று வேலைக்குக்கூடப் போகாமல் ஓடி வந்திருந்தேன். மடையன்.

நான் ஐஸ் என்கிற போதைப்பொருள் குடித்தவன். இதை எழுத எனக்குக் கை கூசவில்லை, ஊருக்கே தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாதது வேறொன்று இருக்கிறது. எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். பதின்மூன்று வயதில் எனக்குத் தெரிந்துவிட்டது, இப்போது இருபத்தொன்பது. முதலாவதை வைத்து இரண்டாவதை மூடலாம் என்று கண்டுபிடித்தவர் என் உம்மா. அதை அவர் எப்படிச் செய்தார் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

அதற்கு முன் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே வீடு பெண்பிள்ளைக்கு. மகள் பிறந்த நாளிலிருந்து வாப்பாவும் காக்காமாரும் அவளுக்கு வீடு கட்டத் தொடங்குவார்கள். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு வருவார். ஆண்பிள்ளை உம்மாவின் வீட்டில் பிறந்து பெண்டாட்டியின் வீட்டில் சாகிறவன். இரண்டுக்கும் நடுவில் அவனுக்கென்று ஒரு கதவு கிடையாது. கலியாணம் கட்டாதவன் கடைசியில் தங்கச்சியின் வீட்டில் குசினிக்குப் பக்கத்து அறையில் பாய் விரித்துப் படுக்க வேண்டியதுதான், மச்சானின் முகம் கோணாமல் இருக்கும்வரை. நான் அப்படித்தான் படுத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. இருபத்துமூன்று வயதில் அறுகம்பேயில் ஒரு கெஸ்ட்ஹவுஸுக்குக் குளியலறைகள் செய்யப் போனேன். அங்கே சமையல்காரனாக இருந்தான் அவன். திருக்கோவில்காரன், என்னைவிட இரண்டு வயது மூப்பு. நான் டைல்ஸ் வெட்டுகிற தூசியோடு போய் நின்றால், "முதல் கையக் கழுவு, பிறகு கதை" என்று கத்துவான். மத்தியானச் சோற்றில் எனக்கென்று மீன் நடுத்துண்டை ஒளித்து வைப்பான். அந்த வேலை முடிந்த பிறகும் அந்தப் பக்கமே வேலை தேடி ஒன்றரை வருடம் இருந்தேன். அந்த ஒன்றரை வருடத்தில் சிகரெட்டைத் தவிர நான் எதையும் தொடவில்லை. அவன் அதற்கும் ஏசுவான்.

ஒரு நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது வாப்பா என் போனை எடுத்தார். தன்னுடையதில் காசு முடிந்துவிட்டதாம், யாருக்கோ ஒரு கோல் எடுக்க வேண்டுமாம். அவன் அனுப்பியிருந்த படம் மேலே நின்றது. கடற்கரை, என் தோளில் அவன் தலை. அதன் கீழே அவன் எழுதியிருந்ததையும் வாப்பா வாசித்தார். வாப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், எதையும் பாதியில் விடமாட்டார். முழுவதையும் வாசித்துவிட்டுப் போனை உம்மாவின் மடியில் போட்டார். பிறகு எழுந்து என்னை அடித்தார். நான் சத்தம் போடவில்லை. உம்மாதான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்.

எங்கள் ஊரான சாய்ந்தமருதில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. ஒரு வீட்டில் சட்டி விழுந்தால் மூன்றாவது வீட்டில் அது மண்சட்டியா அலுமினியமா என்று சரியாகச் சொல்வார்கள். ஆகவே அடுத்த நாள் காலையில் மரைக்காயர் வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ன பிரச்சின? பெருநாளுமதுவுமா இவ்வளவு சத்தம்?"

வாப்பா தரையைப் பார்த்தார். உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சொன்னார்:

"இவன் தூள் குடிக்கான் காக்கா. அறுகம்பேக்குப் போய்க் கெட்டுட்டான்."

எங்கள் ஊரில் தூள் என்றால் ஹெரோயின். நான் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். தூள் இல்லாவிட்டால் வேறென்ன? வாயை மூடினேன். மரைக்காயர் என்னைப் பார்த்து, "உண்மையாடா மகன்?" என்று கேட்டபோது தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு நான்தான் பொறுப்பு, வேறு யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் உம்மாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அழுத கண்ணோடு ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சை நான் மன்னிக்கவில்லை.

மரைக்காயர் நல்ல மனிதர், அதுதான் கொடுமை. ஒரு கிழமைக்குள் இடம் பார்த்துவிட்டார். வயற்பக்கம் ஒரு பழைய நெல் ஸ்டோரில் ஒருவர் நடத்திய புனர்வாழ்வு இடம். கடன்பட்டுத் திருந்த வந்தவர்களும் பொலிஸ் பயத்தில் வந்தவர்களுமாக இருபது பேர்வரை இருந்தார்கள். அவர்கள் நடுங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள், சுவரில் தலையை முட்டினார்கள். உடம்பில் ஒன்றுமில்லாதவன் நான் ஒருவன்தான். வாளியும் தும்புத்தடியும் என் கைக்கு வந்தன. மூன்று மாதம் மற்றவர்களின் வாந்தியைக் கழுவினேன்.

என்ன குடித்தாய் என்று கேட்டார்கள். தூள் என்றேன். எப்படிக் குடித்தாய் என்று கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிரித்தார்கள். பிறகு ஒருவன் இரக்கப்பட்டு எனக்கு எல்லாம் சொல்லித் தந்தான், நான் சொல்லும் பொய் மாட்டுப்படாமல் இருப்பதற்காக. எதை எதில் வைத்துச் சூடாக்குவது, யாரிடம் வாங்குவது, என்ன பெயர் சொல்லிக் கேட்பது எல்லாம் நான் படித்தது அங்கேதான். என்னைத் திருத்துவதற்கென்று அனுப்பிய இடத்தில்.

அந்த மூன்று மாதத்தில் அவன் என்னைத் தேடி எங்கள் ஒழுங்கைக்கு வந்திருக்கிறான். உம்மா கேற்றைத் திறக்காமலே சொல்லியிருக்கிறார்: "அவன் தூள்காரன் தம்பி. உங்களயும் ஏமாத்தித்தான் இருந்திரிக்கான். இனி இஞ்ச வராதீங்க." என் கைக்குப் போன் திரும்பக் கிடைத்தபோது அவனிடமிருந்து ஒரு செய்தி இருந்தது. "என்னட்டயும் மறைச்சுப்போட்டாய்." அதற்குள் அவன் கட்டாருக்குப் போய்விட்டான். நான் எழுதிய எதையும் அவன் நம்பவில்லை. தூள் குடிக்கிறவன் எல்லாரும் குடிக்கவில்லை என்றுதானே சொல்வான்.

வேலையும் கிடைக்கவில்லை. யார் வீட்டுக் குளியலறைக்குள் தூள்காரனை விடுவார்கள்? கடைக்குப் போனால் முதலாளியின் கண் என் கையிலேயே இருக்கும். குடிக்காமலே இத்தனை பேச்சும் வாங்கிக்கொண்டு நாலு மாதம் ஊருக்குள் நடந்தேன். ஐந்தாவது மாதம் நெல் ஸ்டோரில் பழகியவன் ஒருவனின் வீட்டில் முதல் தடவையாக ஐஸ் குடித்தேன். தூளைவிட இது விறுவிறுப்பு என்றான். குடித்ததும் எனக்கு வெட்கம் போனது. நான் யார் என்பதில் இருந்த வெட்கம், வாப்பா அந்தச் செய்திகளை வாசித்த வெட்கம், எல்லாம் கழன்று போனது. அந்த ஒன்றுக்காகத்தான் இரண்டரை வருடம் குடித்தேன். என் கையால் எடுத்து, என் வாயால் குடித்தேன்.

இப்போது எனக்கு நெஞ்செரிகிற இடத்துக்கு வருகிறேன். அந்த இரண்டரை வருடமும் என் வீட்டார் என்னைத் தாங்கினார்கள். போனில் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து என் முகம் பாராத உம்மா, நான் நிஜமாகவே குடிக்கத் தொடங்கியதும் என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். சோறு பிசைந்து ஊட்டினார். ஓதி ஊதிய தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தடவினார். வாப்பா என் பெயரைச் சொல்லித் துஆ கேட்கப் பள்ளிக்குப் போனார். தங்கச்சியின் காதுத் தோட்டை நான் எடுத்து விற்றபோது அவள், "காக்கா நோயாளிதானே, வேணுமெண்டா செஞ்சாரு?" என்று எனக்காக வாப்பாவிடம் கதைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் உம்மாவின் கையைப் பிடித்து அழுதார்கள். ஒழுங்கைக்கு ஒரு வீட்டில் இதே கதை, ஆகவே எல்லோருக்கும் ஆறுதல் சொல்லத் தெரிந்திருந்தது. களவெடுத்ததற்கு மன்னிப்பு உண்டு. ஒருவனின் தலை என் தோளில் கிடந்ததற்குக் கிடையாது.

நான் நிறுத்தியது யாருடைய துஆவாலும் அல்ல. ஒருநாள் டைல்ஸ் வெட்டுகிற கட்டரைப் பிடித்தபோது கை நடுங்கிப் பெருவிரல் நுனி நகத்தோடு போனது. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டொக்டர் கிளினிக்குக்கு அனுப்பினார். கிளினிக்கில் இருந்த பெண் டொக்டர் எத்தனை நாளாகக் குடிக்கிறாய் என்று கேட்கவில்லை, எதற்காகக் குடிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை நிறுத்தவில்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. "சரி, அது நோயில்ல. குடிக்கிறதுக்கு மட்டும் மருந்து பாப்பம்" என்றார். வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்து அழுதேன்.

தங்கச்சியின் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டியது அதற்குப் பிறகுதான். கை நடுக்கம் நிற்காத மாதங்கள். ஒரு கல்லை மூன்று தரம் கழற்றி ஒட்டுவேன். மண்டபம், இரண்டு அறை, குளியலறை, வாசற்படி எல்லாம் நான் ஒருவனாகச் செய்தேன். அந்தத் தரையில்தான் அவளுடைய நிக்காஹ் நடந்தது. அந்தத் தரையில் நின்றுதான் உம்மா மரைக்காயரின் மனைவியிடம் நான் இன்னும் சுகமாகவில்லை என்று சொன்னார்.

தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்துவிட்டு உம்மாவை உள்ளே கூப்பிட்டேன். ரிப்போர்ட்டை விரித்துக் கொடுத்தேன். குடிகாரப் பிள்ளை உள்ள எந்த உம்மாவும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவாள். எங்கள் உம்மா ஒரு தரம் வாசித்தார். வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அரிசி வாளியின் மூடியைத் திறந்து, ரிப்போர்ட்டை அரிசிக்குள் கையோடு புதைத்து, மூடியை அழுத்தி மூடினார்.

"இத யாருக்கும் காட்டாத மகன்."

"ஏன் உம்மா?"

"சொகமெண்டு தெரிஞ்சா நாளைக்கு வேறொரு இடம் கேட்டு வருவாங்க. அதுக்கு என்னத்தச் செல்ற? முன்னமெண்டா தங்கச்சி இரிக்கா, அவள முடிச்சிட்டுத்தான் எண்டு செல்லலாம். இப்ப என்னத்தச் செல்ற?"

"எனக்கு விருப்பமில்லயெண்டு செல்லுங்க."

"ஏன் விருப்பமில்லயெண்டு கேப்பாங்களே."

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. உம்மா என் வாயைப் பொத்தினார். கை முழுவதும் அரிசி மா மணம். அப்படியே காதுக்குள் சொன்னார்: "மரைக்காயர்ட நான் கதைக்கிறன். அந்த நெல் ஸ்டோருக்குத் திரும்ப ஒரு மாசம் போய் இருந்திட்டு வா. சும்மா இரிந்தாக் காணும். திரும்ப விழுந்திட்டானெண்டு ஊர் நினைக்கும். பிறகு ஒருத்தரும் பொண்ணு கேட்டு வரமாட்டாங்க."

சுகமான மகனை, சுகமானது வெளியே தெரியாமலிருக்க, மறுபடியும் அந்த இடத்துக்கு அனுப்பப் பார்க்கிறார் என்னைப் பெற்றவர்.

"அங்க போனா நான் திரும்பக் குடிப்பன் உம்மா. அங்கதான் நான் பழகினன். உங்களுக்குத் தெரியும்."

உம்மா என் முகத்தைப் பார்க்காமல் வாளி மூடியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "குடிச்சாலும் அல்லாஹ் மன்னிப்பான்" என்றார். மற்றதைப் பற்றி அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

குசினி வாசலில் தங்கச்சி வந்து நின்றாள். ஆறு மாத வயிறு. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. அவள் எனக்காகக் கதைப்பாள் என்று நினைத்தேன், தோடு போனபோது கதைத்தவள்தானே.

"போயிட்டு வாங்களன் காக்கா. ஒரு மாசம்தானே" என்றாள். "இவருக்குத் தெரிஞ்சா எழும்பிப் போயிடுவாரு. நான் இந்தப் புள்ளயோட என்ன செய்ற?"

அவளுக்கும் தெரியும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். எழும்பிப் போவது எங்கள் ஊரில் சின்ன வார்த்தை இல்லை. மாப்பிள்ளை பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தால் வீடு பெண்ணுடையதாக இருந்தும் ஊர் அவளைத்தான் பார்க்கும். அவளுடைய பயம் பொய்யில்லை. பயம் பொய்யில்லை என்பதற்காக என்னை விலையாகக் கொடுக்கலாமா? கேட்டேன். அவள் அழுதாள். எனக்கு அவள் மீது இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும், ஆனால் வரவில்லை.

மண்டபத்துக்குப் போனேன். மரைக்காயரின் மனைவி தட்டிலிருந்த கேக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மாமி, நான் சொகம். பதினாலு மாசமா ஒண்டும் குடிக்கல்ல. கலியாணம் வேணாமெண்டது வேற காரணம்."

அவர் என்னைப் பார்த்தார், என் பின்னால் வந்து நின்ற உம்மாவைப் பார்த்தார். உம்மா அவருக்கு இல்லை என்று தலையை மெல்ல ஆட்டிக் காட்டினார். மரைக்காயரின் மனைவியின் முகத்தில் எனக்குப் பழக்கமான அந்த இரக்கம் வந்தது.

"சரி மகன், சரி" என்றார். "எல்லாரும் முதல்ல அப்படித்தான் செல்லுவாங்க. நீங்க போய்க் கொஞ்சம் படுங்க."

ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்ட முடியாது, உம்மா குசினிக்கு வழிமறித்து நின்றார். வேற காரணம் என்றேனே, அது என்ன என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்று சொல்லியிருப்பேன். என் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவர் கேக்கைத் தின்று முடித்து, ஸலாம் சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நான் ஒரு பையில் உடுப்பையும் டைல்ஸ் கட்டரையும் எடுத்தேன். உம்மா தடுக்கவில்லை, எங்கே என்று மட்டும் கேட்டார். "நெல் ஸ்டோருக்கில்ல" என்றேன். மஃரிபுக்கு முன்னால் பொத்துவில் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இப்போது பொத்துவிலில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். கெஸ்ட்ஹவுஸ்காரர்கள் குளியலறையை உடைத்து உடைத்துப் புதிதாகச் செய்கிறார்கள், வேலைக்குக் குறைவில்லை. மாதம் ஒரு தரம் பஸ் ஏறி அதே கிளினிக்குக்குப் போகிறேன். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கட்டர் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். கட்டாரிலிருப்பவனுக்கு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினேன். "சந்தோசம். நல்லா இரு" என்று இரண்டு நாள் கழித்து எழுதினான். அவ்வளவுதான். நான் ஊரில் இல்லாததற்கு உம்மா என்ன சொல்லியிருக்கிறார் என்பதைக் கல்முனைச் சந்தியில் கண்ட ஒருவர் என்னிடமே சொன்னார். மறுபடியும் புனர்வாழ்வில் இருக்கிறேனாம். அவர் என் தோளைத் தட்டி, சீக்கிரம் சுகமாகிவிடும் என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் உம்மா கோல் எடுப்பார். சோறு தின்றாயா என்று கேட்பார். தங்கச்சிக்குப் பிறந்த ஆண்பிள்ளைக்கு என் மூக்கு என்பார். பிறகு கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்பார்:

"குடிக்கயா மகன்?"

"இல்ல உம்மா."

அந்தப் பக்கம் பிள்ளை அழுவதும் முற்றத்தில் கோழி கத்துவதும் கேட்கும். ஒரு நாளைக்காவது ஓம் என்று சொல்லிவிட்டால் அவர் என் பெயரைச் சொல்லி அழுவார், துஆ கேட்பார், அடுத்த பஸ்ஸில் சோற்றுப் பார்சலோடு என் அறைக்கு வந்து தலைமாட்டில் உட்காருவார். அது எனக்குத் தெரியும். அவர் ஊட்டிய சோற்றின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. போனை வைத்த பிறகு சில வெள்ளிக்கிழமைகளில் அறைக்குள் இருக்க முடியாது. கட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவேன்.

அடுத்த வெள்ளியும் அவர் கேட்பார். இல்லை என்றுதான் சொல்வேன்.